கென்ட் நாட்டுக் கொடிக்கால்கள்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்தம் போர்களில் தேடுவது ஒரு முறை. அந்நாட்டு மண்ணில் விளையும் பயிர்களில் தேடுவது மற்றொரு முறை. நெல்லின் கதையில் தஞ்சையின் கதையும், சணலின் கதையில் வங்கத்தின் கதையும் அடங்கியிருப்பதை நாம் அறிவோம். அவ்வாறே இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் அமைந்த கென்ட் என்னும் நிலப்பகுதியின் வரலாறு ஹாப் என்னும் ஒரு கொடியோடு பின்னிக் கிடக்கிறது. பீர் என்னும் பானத்திற்குக் கசப்பையும் மணத்தையும், நெடுநாள் கெடாதிருக்கும் தன்மையையும் அளிப்பது அக்கொடியின் பூங்கதிரே ஆகும்.

தமிழ்ச் சங்க மலரில் மதுவின் வரலாறு எதற்கு என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். குடியைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கடல் கடந்து வந்த ஒரு செடியை ஒரு நாடு முதலில் எவ்வாறு வெறுத்தது, பின்னர் எவ்வாறு தன்னுடையதென்று பெருமை கொண்டது, அச்செடியின் விளைவைப் பறிக்க வெளியூரிலிருந்து வந்த மக்களை எவ்வாறு நடத்திற்று என்பவற்றைக் காண்பதே நோக்கம். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடி வந்து இந்நகரில் வாழும் நமக்கு இக்கதை முற்றிலும் அயலார் கதையாகத் தோன்றாது.

ஏலும் பீரும்

தானியத்திலிருந்து மது வடிக்கும் அடிப்படை முறை பெரும்பாலும் ஒன்றே. தானியத்தை நனைத்து முளைகட்டினால் அதிலுள்ள மாவுப்பொருள் இனிப்பாக மாறும் நிலையை அடைகிறது. அதனை உலர்த்தி, இடித்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்து நொதிக்கவிட்டால் மது உண்டாகும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் களியை வாயகன்ற தட்டில் ஆற்றி, நல்லடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் இட்டு வைத்து வடிக்கும் முறையை நுணுக்கமாக விரித்துரைப்பதைத் தமிழறிந்தோர் அறிவர். இத்தகைய மது விளைந்த இடத்திலேயே விரைந்து அருந்தப்பட வேண்டியது. அது பயணம் செய்யாது.

இடைக்கால இங்கிலாந்தில் 'ஏல்' என்று வழங்கிய பானமும் அத்தகையதே. முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து இல்லங்களிலே பெண்டிர் வடித்த அப்பானம் சில நாட்களில் புளித்துவிடும். ஐரோப்பியப் பெருநிலத்திலோ வேறொரு வழக்கம் தோன்றியிருந்தது. முளைத்தானியச் சாற்றுடன் ஹாப் பூங்கதிர்களைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால் பானம் நெடுநாள் கெடாதிருக்கும் என்பதை ஆங்குள்ளோர் கண்டனர். ஹாப் பானங்களைக் கெடாமற் காக்கும் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே ஹில்டகார்ட் என்னும் ஜெர்மானியத் துறவியார் எழுதி வைத்தார். ஹாப் கொடியில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பெண்கொடியின் கதிரில் இதழ்களின் அடியில் மஞ்சள் நிறத் துகள் படிந்திருக்கும். அத்துகளில் உள்ள கசப்புப் பிசினே பானத்தைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களை அடக்குகிறது என்பது பிற்கால அறிவியல் தந்த விளக்கம்.

ஹாப் சேர்ந்த பானமே 'பீர்' எனப்பட்டது. ஆங்கிலேயர் நெடுங்காலம் ஏலையும் பீரையும் இருவேறு பொருள்களாகவே கருதினர். ஒன்று நம்முடையது, மற்றொன்று அயலாருடையது என்று.

வந்தேறிய பயிர்

1400ஆம் ஆண்டையொட்டி நெதர்லாந்துப் பகுதியிலிருந்து பீர்ப் பீப்பாய்கள் இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுகங்களில் வந்திறங்கின. அவற்றின் பின்னே அதனை வடிக்கும் தொழிலாளரும் வந்தனர். லண்டனிலும் கரையோர நகரங்களிலும் குடியேறிய அவர்கள் தம் நாட்டு முறைப்படி பீர் வடிக்கலாயினர்.

உள்ளூர் ஏல் வடிப்போர் இதனைப் பொறுத்துக்கொள்வார்களா? பீர் நஞ்சு என்றும் உடம்புக்கு ஆகாதது என்றும் வதந்தி கிளப்பினர். 1436இல் பர்கண்டி நாட்டுடன் மூண்ட பகையால் லண்டன் மக்களிடம் அயலார் மீது வெறுப்பு மிகுந்திருந்தது. அவ்வாண்டிலேயே ஆறாம் ஹென்றி மன்னரின் அரசு, ஹாலந்து, சீலாந்து பகுதிகளிலிருந்து வந்து பீர் வடிப்போரை எவரும் துன்புறுத்தலாகாது என்றும் அவர்கள் தம் தொழிலைத் தடையின்றி நடத்தலாம் என்றும் லண்டன் அதிகாரிகளுக்கு ஆணை அனுப்ப நேர்ந்தது. ஒரு பானத்தின் மேல் சுமத்தப்பட்ட குற்றம் உண்மையில் அதனைக் கொணர்ந்த மனிதர் மேல் சுமத்தப்பட்ட குற்றமே என்பதற்கு இவ்வாணை சான்று.

நூறாண்டு கழிந்தும் இம்மனப்பான்மை மறையவில்லை. 1542இல் உடல்நலம் பற்றி நூல் எழுதிய ஆண்ட்ரூ பூர்ட் என்னும் மருத்துவர், ஏல் ஆங்கிலேயர்க்கு இயல்பான பானம் என்றும், பீர் டச்சுக்காரர்க்கு உரியது என்றும், அண்மைக் காலத்தில் பீர் பெருகிப் பல ஆங்கிலேயர்க்குக் கேடு விளைத்து வருகிறது என்றும் எழுதினார்.

அவர் அவ்வாறு எழுதிய காலத்திலேயே கென்ட் மண்ணில் ஹாப் கொடி வேர்விட்டிருந்தது. 1520களில் கான்டர்பரி நகரை அடுத்த பகுதியில் முதன்முதலாக அது முறையாகப் பயிரிடப்பட்டது என்பர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சமயக் கொடுமைக்கு அஞ்சி ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து ஓடிவந்த ஏதிலியர் சாண்ட்விச், கான்டர்பரி முதலிய கென்ட் நகரங்களில் குடியேறினர். கொடியும் அதனை அறிந்த கைகளும் ஒரே கரையை அடைந்தன.

ஸ்காட் எழுதிய கையேடு

1574இல் ரெஜினால்ட் ஸ்காட் என்னும் கென்ட் நாட்டு நிலக்கிழார் ஹாப் கொடிக்கால் அமைப்பதற்கான கையேடு ஒன்றை வெளியிட்டார். ஆங்கில மொழியில் இப்பயிர் பற்றி எழுந்த முதல் செயல்முறை நூல் அதுவே. மேடு அமைத்தல், கழி நடுதல், கொடி கட்டுதல், கதிர் பறித்து உலர்த்துதல் ஆகிய அனைத்தையும் படங்களுடன் அவர் விளக்கினார். பத்தாண்டு கழித்துச் சூனியக்காரிகள் என்று ஏழை முதியோரைத் தண்டிக்கும் மூடத்தனத்தைக் கண்டித்து நூல் எழுதியவரும் இவரே. வதந்தியை நம்பாமல் கண்ணால் கண்டு தெளியும் அவர்தம் இயல்பு இரு நூல்களிலும் புலப்படுகிறது.

ஹாப்பின் பயனை அவர் கணக்கிட்டே காட்டினார். ஒரு புஷல் முளைத்தானியத்திலிருந்து எட்டு அல்லது ஒன்பது காலன் ஏல்தான் கிடைக்கும். ஹாப் சேர்த்தாலோ பதினெட்டு, இருபது காலன் நல்ல பீர் கிடைக்கும் என்றார். கெடாதிருக்க வேண்டி ஏலைக் கெட்டியாக வடிக்க வேண்டியிருந்தது. ஹாப் அத்தேவையை நீக்கிவிட்டது. ஏலின் தோல்விக்குக் காரணம் சுவை மட்டுமன்று, கணக்குமாம்.

கென்ட் நாடே இப்பயிருக்கு ஏற்ற இடமாயிற்று. வளமான மண்ணும், காற்றைத் தடுக்கும் வேலியடைப்பு நிலங்களும், கழிக்கும் கரிக்கும் வேண்டிய காடுகளும் அங்கு இருந்தன. மெட்வே, தேம்ஸ் ஆறுகளின் வழியே லண்டன் சந்தையும் அருகில் இருந்தது.

ஹாப் தோட்டத்தைக் காண நம்மவர்க்கு நினைவு வருவது வெற்றிலைக் கொடிக்கால். வேர் மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடிருக்கும். தண்டு ஆண்டுதோறும் குளிரில் மடிந்து, வசந்தத்தில் மீண்டும் தளிர்த்து, ஒரே கோடையில் இருபது அடி வரை ஏறும். முதலில் ஒவ்வொரு மேட்டிலும் கழி நட்டுக் கொடியை ஏற்றினர். 19ஆம் நூற்றாண்டில் கம்பியும் கயிறும் கொண்ட உயரப் பந்தல்கள் வந்தன. அப்பந்தலில் கயிறு கட்டுவோர், கட்டைக்கால் கட்டி ஆடும் நம் ஊர்க் கலைஞரைப் போல, உயர்ந்த மரக்கால்கள் மேல் நின்று நடந்தே வேலை செய்தனர்.

பறித்த கதிரில் ஐந்தில் நான்கு பங்கு நீரே. அன்றன்றே உலர்த்தாவிடில் கெட்டுவிடும். அதற்கென எழுந்தவையே 'ஓஸ்ட்' எனப்படும் உலர்த்துக் கூடங்கள். கீழே கனல், மேலே சட்டத்தளத்தின் மீது குதிரைமயிர்த் துணி, அதன்மேல் கதிர்கள். கூம்பு வடிவக் கூரையின் உச்சியில் காற்றடிக்கும் திசைக்கேற்பச் சுழலும் வெண்ணிற முகடு ஒன்று ஆவியை வெளியேற்றும். இக்கூம்புக் கூரைகளே இன்றளவும் கென்ட் நாட்டின் அடையாளச் சின்னமாக விளங்குகின்றன.

அரசும் இப்பயிரின் வருவாயைக் கண்டுகொண்டது. 1710ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்நாட்டு ஹாப்புக்கு ராத்தலுக்கு ஒரு பென்னி வரி விதிக்கப்பட்டது; பீரில் வேறு கசப்புப் பொருள் சேர்ப்பதும் தடை செய்யப்பட்டது. விளைச்சல் ஆண்டுக்காண்டு பெரிதும் ஏறி இறங்கியமையால், அவ்வாண்டு எவ்வளவு வரி தண்டப்படும் என்று பந்தயம் கட்டும் வழக்கமும் பரவிற்று. 1862இல்தான் அவ்வரி நீங்கிற்று.

இந்தியா நோக்கி வந்த பீப்பாய்கள்

நம் நாட்டிற்கும் இக்கொடிக்கும் உள்ள தொடர்பு ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் புறப்பட்ட பிளாக்வால் துறைக்கு அண்மையில், போ என்னுமிடத்தில் ஹாட்ஜ்சன் என்பாரின் வடிசாலை இருந்தது. கப்பல் தலைவர்கள் அங்கே கடனுக்குப் பீர் வாங்கி, கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களில் விற்றனர். நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து பல மாதங்கள் செல்லும் அப்பயணத்தைத் தாங்க ஹாப் மிகுதியாகச் சேர்ந்த வெளிர்நிறப் பீரே ஏற்றதாயிற்று. 1820களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் முதலியோர் இவ்வணிகத்தில் இறங்கி ஹாட்ஜ்சனின் ஆதிக்கத்தை முறியடித்தனர்.

இந்தியாவுக்கென்றே ஒருவர் இப்பீரைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்றொரு கதை நெடுநாள் வழங்கி வந்தது. ஆராய்ந்தோர் அதனை ஏற்பதில்லை. செல்வர் வீடுகளில் ஆண்டுக்கணக்கில் சேமிக்க அக்டோபர் மாதத்தில் வடிக்கப்பட்ட பழைய வகைப் பீரே கப்பலேறி வந்தது. எவ்வாறாயினும், இந்தியப் பாளையங்களின் வெயிலில் வெள்ளையர் அருந்திய கசப்பிற்குப் பின்னே கென்ட் போன்ற ஆங்கில நாட்டுக் கொடிக்கால்கள் இருந்தன.

செப்டம்பர் மாதத்து மக்கள்

1878இல் இங்கிலாந்தின் ஹாப் விளைநிலம் ஏறத்தாழ 72,000 ஏக்கர் என்னும் உச்சத்தை எட்டிற்று. அதில் பெரும்பகுதி கென்டில் இருந்தது. இத்துணைப் பரப்பின் கதிரையும் ஆகஸ்டு இறுதி தொடங்கிச் சில வாரங்களுக்குள் கையால் பறித்தாக வேண்டும். உள்ளூர்க் கைகள் போதவில்லை. ஆகவே அயர்லாந்துக்காரர் வந்தனர். ஊர் ஊராய்த் திரியும் ரோமானி நாடோடிகள் வந்தனர். எல்லாரினும் மிகுதியாக லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைக் குடும்பங்கள் வந்தன.

ஆண்கள் பலர் நகரத்தில் வேலையிலிருக்க, தாய்மாரும் பாட்டிமாரும் குழந்தைகளுமே பெரும்பாலும் வந்தனர். பாத்திரம் பண்டங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு, நள்ளிரவு கடந்து லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து புறப்படும் தனி ரயில்களில் ஏறினர். தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை, தேயிலைத் தோட்டத்து லயங்களைப் போன்ற வரிசைக் குடிசைகள். வைக்கோலை அடைத்துப் படுக்கை செய்தனர். வெளியே விறகடுப்பில் சமைத்தனர். ஆண்டில் அவர்கள் பிள்ளைகள் தூய காற்றை உட்கொண்ட நாட்கள் அவையே என்பதால், துன்பத்தோடு மகிழ்ச்சியும் அந்நினைவுகளில் கலந்திருந்தது.

மரச்சட்டத்தில் தூளிபோல் தொங்கும் நீண்ட சாக்கிலே கதிர்களைப் பறித்து நிரப்புவர். அளவுக்காரர் வந்து புஷல் கூடையால் அளந்து எடுப்பார். அவருடன் வரும் கணக்கர் அதனைக் குறித்துக்கொள்வார். முற்காலத்தில் இரண்டாகப் பிளந்த குச்சியே கணக்கேடு. ஒரு பாதி கணக்கரிடம், மறுபாதி பறிப்பவரிடம். இரண்டையும் சேர்த்து வைத்து வெட்டுக்குறி இட்டால் எவரும் ஏய்க்க முடியாது. ஆனால் அளக்கும் கையில் ஏய்க்கும் வழி இருந்தது. காற்றோட்டமாகக் கிடக்கும் கதிரைக் கூடைக்குள் அழுத்தி அளந்தால் இரண்டு கூடை ஒன்றாகிவிடும். ஒரு ஷில்லிங்குக்கு எத்தனை புஷல் என்பதும், எவ்வாறு அளப்பது என்பதுமே பூசல்களுக்கும் வேலைநிறுத்தங்களுக்கும் காரணமாயின. ஹாப் சாறு கைகளைக் கருக்கிவிடும். அக்கையால் பிட்ட ரொட்டியும் கசக்கும்.

பீகாரின் மோதிஹாரியில் 1903இல் பிறந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1931இல் கென்ட் தோட்டமொன்றில் தாமே கதிர் பறித்து அவ்வாழ்வை எழுதினார். உழைப்பின் மகிழ்ச்சியையும் கூலியின் இழிவையும் அவர் ஒருங்கே பதிவு செய்தார்.

நாற்பத்து மூவரும் முப்பதின்மரும்

பெருமைக்குரிய இவ்வரலாற்றில் இரண்டு கல்லறைகள் நிற்கின்றன. அவற்றைக் காணாமல் கடந்து செல்வது முறையன்று.

1849 செப்டம்பரில் கிழக்கு ஃபார்லி என்னும் ஊரில் பறிப்போர் குடிசைகளில் காலரா புகுந்தது. நெரிசலும் தூய நீரின்மையும் அதற்குத் துணை நின்றன. 43 பேர் மாண்டனர். ஊர்க்கோயில் இடுகாட்டில் அவர்கள் நினைவாக ஒரு சிலுவை நிறுத்தப்பட்டது. அதில் அவர்களைக் குறிக்கப் பொறித்த சொல் 'அந்நியர்' என்பதே. எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை.

நான்காண்டுகள் கழித்து, 1853 அக்டோபர் 20ஆம் நாள், பறிப்பு முடிந்து தங்குமிடம் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளரின் வண்டி, வெள்ளம் பெருகிய மெட்வே ஆற்றின் ஹார்ட்லேக் மரப்பாலத்தில் இடறிற்று. பக்கத்தடுப்பு முறிந்து வண்டி ஆற்றில் வீழ்ந்தது. அயர்லாந்துக்காரரும் ரோமானியருமாக 30 பேர் மாண்டனர். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் ஒருங்கே மறைந்தனர். ஹேட்லோ ஊர்க் கோயிலில் அவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் ஓஸ்ட் கூடத்தின் வடிவிலே அமைந்துள்ளது.

இத்தகைய கொடுமைகள் மெல்ல மனச்சான்றைத் தட்டி எழுப்பின. குடிசைகளுக்கு விதிமுறைகள் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் ஸ்டெப்னி பகுதியிலிருந்து தம் மக்களுடன் வந்த ரிச்சர்ட் வில்சன் என்னும் பாதிரியார், ஃபைவ் ஓக் கிரீன் என்னும் ஊரில் பறிப்போர் குழந்தைகளுக்கென ஒரு சிறு மருத்துவமனை அமைத்தார். உடன் வந்தவர்களே உடன் வந்தவர்களுக்குத் துணை நின்றனர் என்பது நோக்கத்தக்கது.

தளர்ச்சியும் மறுதளிர்ப்பும்

1880களுக்குப் பின் அமெரிக்க, ஜெர்மானிய ஹாப் மலிவாக வந்து குவிந்தது. ஆங்கில விளைநிலம் சுருங்கிற்று. 1908 மே மாதத்தில் விவசாயிகளும் தொழிலாளரும் லண்டன் டிராபால்கர் சதுக்கத்தில் திரண்டு, அயல்நாட்டு ஹாப்புக்கு வரி விதிக்க வேண்டுமென்று முழங்கினர். அயல்நாட்டுக் களை என்று ஒரு காலத்தில் தூற்றப்பட்ட கொடி, இப்போது அயல்நாட்டு வரவை எதிர்த்து மண்ணின் பெயரால் உரிமை கோரிற்று.

ஆயினும் அதனைக் காத்தது மீண்டும் ஓர் அயல் வேரே. கென்டிலுள்ள வை வேளாண் கல்லூரியில் எர்னஸ்ட் சால்மன் என்னும் பேராசிரியர் புதுவகை ஹாப்களை உருவாக்கி வந்தார். 1916இல் கனடாவின் மானிடோபா மாநிலத்திலிருந்து ஒரு காட்டு ஹாப்பின் துண்டு அவருக்கு வந்தது. அதன் விதைகளிலிருந்து அவர் தேர்ந்தெடுத்த 'புரூவர்ஸ் கோல்டு' என்னும் வகை 1934இல் வெளிவந்தது. பிசின் வளம் மிக்க அதன் மணத்தை ஆங்கில வடிசாலையினர் பலர் அமெரிக்க வாடை என்று முகம் சுளித்தனர். ஆனால் பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய பல வகைகளின் வம்சாவளியில் அக்கொடியே நிற்கிறது.

1924இல் கென்டில் தோன்றிய வாடல் நோய் பல தோட்டங்களை அழித்தது. 1950களிலும் 60களிலும் பறிக்கும் இயந்திரங்கள் பரவின. நள்ளிரவு ரயில்கள் நின்றன, குடிசைகள் வெறுமையாயின. விலையையும் விளைச்சலையும் முறைப்படுத்த 1932இல் அமைந்த ஹாப் சந்தைக் கழகம் 1982இல் முடிவுற்றது. வை கல்லூரியும் 2009இல் மூடப்பட்டது. இன்று பிரித்தானியா முழுவதிலுமே ஹாப் விளைநிலம் 2,500 ஏக்கருக்கும் குறைவு. ஓஸ்ட் கூடங்கள் பல செல்வர் இல்லங்களாகிவிட்டன. ஃபேவர்ஷாம் நகரில் 1698ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் ஷெப்பர்டு நீம் வடிசாலை இன்றும் பணியாற்றுகிறது. 'கிழக்குக் கென்ட் கோல்டிங்ஸ்' என்னும் பெயர் அம்மண்ணில் விளைந்த ஹாப்புக்கே உரியது என்று 2013இல் சட்டக் காப்பும் பெற்றது.

முடிவுரை

1436இல் நஞ்சு எனப்பட்டது 2013இல் மண்ணின் சொத்து ஆயிற்று. வேரூன்றுவதற்குக் காலம் வேண்டும் என்பதை இக்கொடி காட்டுகிறது. ஆனால் கொடிக்குக் கிடைத்த உரிமை அதனைப் பறித்த கைகளுக்கு அத்துணை எளிதில் கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாய்ச் செப்டம்பர் தோறும் வந்து உழைத்தும், ஊராரின் கண்ணில் அவர்கள் அந்நியராகவே இருந்தனர். கொடி ஓரிடத்தில் நின்றது; மக்கள் வந்து வந்து திரும்பினர். ஒருவேளை அதுவே காரணமாகலாம். எனினும் அவர்கள் இன்றி அக்கொடி ஒரு ஆண்டும் பயன் தந்திருக்காது.

பிற்காலத்தில் அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் தம் பாட்டிமாரின் நினைவுகளைக் கேட்டு எழுதி வைக்கத் தொடங்கினர். பெட்டி கட்டிய விதம், ரயிலில் பிள்ளைகளை ஒளித்து ஏற்றியது, கசந்த ரொட்டி ஆகியவை எல்லாம் அவ்வாறே நமக்குக் கிட்டியுள்ளன. கிழக்கு ஃபார்லியின் சிலுவையில் இல்லாத பெயர்களுக்கு ஈடு அதுவே.

நாமும் நம் இல்லத்துப் பெரியோரிடம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்த ரயிலில் வந்து இந்நகரில் இறங்கினார்கள்? முதலில் யார் இடம் தந்தார்? யார் கதவடைத்தார்? அவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயரும் ஆண்டும் பிழையின்றி எழுதி வைப்போமாக. நம் பிள்ளைகள் இம்மண்ணைத் தம் மண்ணென்று சொல்லும் நாளில், அதற்கு வேர் நட்டவர் யார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.